டெவலப்பர்களின் கட்டளைவரிக் கருவிகளைக் குழுவின் பொதுச் சர்வரோடு இணைப்பது: முழுமையான வழிகாட்டி

குழுவுக்குப் பொதுவாக ஒரு லினக்ஸ் சர்வர் வந்தவுடன் வழக்கமாக நடப்பது இதுதான்: நிரலின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட்டுக்கு ஒருவர் ஒரு வழி கண்டுபிடிப்பார், நிரல்களைக் கன்டெய்னர் எனும் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கருக்கு இன்னொருவர் தனியாக ஒரு போர்ட்டை, அதாவது வலை வாசலை, திறந்துவிடுவார், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு சாட்டில் உலா வரும். சில மாதம் போனால் எது எந்த வழியில் ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது.

இவ்வளவு பாடு தேவையில்லை. எஸ்எஸ்எச் என்பது இன்னொரு கணினிக்குள் குறியாக்கத்தோடு பாதுகாப்பாக நுழையும் வழி. கிட், ஆர்சிங்க் (கோப்புகளை ஒத்திசைக்கும் கருவி), டாக்கர் மூன்றுக்கும் எஸ்எஸ்எச் வழியாகப் போகத் தெரியும். டேட்டாபேஸ் கருவிகளையும் எஸ்எஸ்எச் சுரங்கம் வழியாக அனுப்பிவிடலாம். எஸ்எஸ்எச்சை ஒருமுறை ஒழுங்காக அமைத்துவிட்டால் மற்றவை எல்லாம் அதன்மேல் ஏறிக்கொள்ளும். அதனால்தான் இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி எஸ்எஸ்எச் பற்றியே இருக்கிறது.

சர்வரில் உபுண்டு அல்லது டெபியன் ஓடுவதாக வைத்துக்கொள்கிறேன். உங்கள் கணினி லினக்ஸோ மேக்கோ விண்டோஸோ, எதுவானாலும் சரி. கட்டளைகளையும் அமைப்புப் பெயர்களையும் உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான எழுத்திலேயே அடியுங்கள்.

முதலில் கணக்குகள்

ஆளுக்கொரு பயனர் கணக்கு. இதில் சமரசமே வேண்டாம். "டெப்ளாய்" என்று ஒரே கணக்கை எல்லோரும் பகிர்ந்துகொள்வது முதல் நாள் வசதியாகத்தான் இருக்கும். ஒரு நாள் ஏதாவது அழிந்துபோய், யார் செய்தது என்ற கேள்வி வரும்போது, சர்வரின் பதிவேடான லாகில் "டெப்ளாய்" என்ற பெயர் மட்டும்தான் இருக்கும்.

ஆட்யூசர் கட்டளையோடு --டிசேபிள்டு-பாஸ்வேர்டு சேர்த்தால் பாஸ்வேர்டு இல்லாத கணக்கு உருவாகும். எஸ்எஸ்எச் சாவியால் (பாஸ்வேர்டுக்குப் பதிலான ஒரு ஜோடிக் கோப்பு) மட்டுமே நுழையப்போகிறோம் என்பதால் அதுவே போதும். கூடவே "டெவ்" என்று ஒரு குரூப் உருவாக்கி எல்லோரையும் அதில் சேருங்கள். ஏற்கெனவே இருக்கும் கணக்கை யூசர்மாட் கட்டளையால் குரூப்பில் சேர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: பெரிய ஜி-யோடு சிறிய ஏ-யும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஏ-வை விட்டால் அந்தக் கணக்கு மற்ற துணைக் குரூப்கள் எல்லாவற்றிலிருந்தும் வெளியேறிவிடும், அட்மின் அதிகாரம் தரும் சூடோ உட்பட. அதை உங்கள் கணக்குக்கே செய்தால் திருத்தவும் சூடோ இருக்காது.

சாவி உருவாக்குதல்

இது ஒவ்வொருவரும் தன் கணினியில் செய்யும் வேலை. அட்மின் உருவாக்கி எல்லோருக்கும் அனுப்பும் வேலை அல்ல. எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளைக்கு -டி ஈடி25519 என்று வகையைக் கொடுங்கள் (இந்த டி, டைப் என்பதன் முதல் எழுத்து). பெரிய சி விருப்பத்தில் "பெயர்-லேப்டாப்" என்பதுபோல ஒரு குறிப்பையும் கொடுங்கள். யாருடைய, எந்தக் கணினியின் சாவி என்பது பின்னால் தெரிய வேண்டும். 2023-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 9.5 முதல், வகை சொல்லாவிட்டாலும் ஈடி25519 தான் உருவாகும். பழைய ஆர்எஸ்ஏ சாவி இருப்பவர்கள் அதையே தொடரலாம். டிஎஸ்ஏ சாவி இருந்தால் தூக்கி எறியுங்கள், 2025-இல் வந்த 10.0 பதிப்பில் அதற்கான ஆதரவையே நீக்கிவிட்டார்கள்.

கட்டளை பாஸ்ஃப்ரேஸ் கேட்கும். எண்டர் தட்டிவிட்டுப் போகத்தான் கை வரும். வேண்டாம், ஒன்று கொடுங்கள். லேப்டாப் தொலைந்தால் உங்களுக்கும் திருடனுக்கும் நடுவில் நிற்பது அது மட்டும்தான். ஒவ்வொரு முறையும் அடிக்க வேண்டுமே என்ற கவலைக்கு எஸ்எஸ்எச்-ஏஜென்ட் இருக்கிறது: எஸ்எஸ்எச்-ஆட் கட்டளையால் சாவியை ஒருமுறை ஏற்றினால், அந்த அமர்வு முழுக்க மறுபடி கேட்காது.

இப்போது இரண்டு கோப்புகள் இருக்கும். ஒன்றின் பெயர் .பப் என்று முடியும். அது பொதுச் சாவி. திறந்து பார்த்தால் ஒரே வரி, அதில் மூன்று துண்டுகள்: சாவியின் வகை, 68 எழுத்துள்ள ஒரு சரம், கடைசியில் நீங்கள் கொடுத்த குறிப்பு. அட்மினுக்கு இதை மட்டும் அனுப்புங்கள். இன்னொரு கோப்பு "பிகின் ஓப்பன்எஸ்எஸ்எச் பிரைவேட் கீ" என்று தொடங்கிப் பல வரி நீளும். அது தனிச் சாவி, உங்கள் கணினியை விட்டு நகரவே கூடாது. அவசரத்தில் இரண்டில் எதை ஒட்டினோம் என்று குழம்புகிறவர்கள் உண்டு. ஒரே வரியாக இருந்தால் அனுப்பலாம், பல வரியாக இருந்தால் கையை எடுத்துவிட வேண்டும்.

சர்வரில் சாவியைப் பதித்தல்

அட்மின் ஒவ்வொருவரின் ஹோம் கோப்புறையிலும் .எஸ்எஸ்எச் என்ற கோப்புறையை உருவாக்கி, அதற்குள் ஆத்தரைஸ்டு_கீஸ் என்ற கோப்பில் அவரவர் பொதுச் சாவியை ஒரு வரியாக ஒட்ட வேண்டும். கோப்புறைக்கு அனுமதி 700, கோப்புக்கு 600, இரண்டுக்கும் உரிமையாளர் அந்தப் பயனர். ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள கணக்காக) இருந்து உருவாக்கிவிட்டு உரிமையாளரை மாற்ற மறப்பது அடிக்கடி நடக்கும்.

ஹோம் கோப்புறையையும் பார்த்துவிடுங்கள். அதில் குரூப்புக்கு எழுதும் அனுமதி இருந்தால், சாவி சரியாக இருந்தாலும் சர்வர் மறுத்துவிடும். உங்கள் பக்கம் தெரிவது வெறும் "பர்மிஷன் டினைடு". உண்மைக் காரணம் சர்வரின் லாகில் "பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ்" என்று கிடக்கும். சாவியை நான்கு முறை மாற்றி ஒட்டுவதைவிட லாகை ஒருமுறை திறந்து பார்ப்பது மேல்.

முதல் இணைப்பும் கைரேகையும்

முதல்முறை இணையும்போது சர்வரின் கைரேகையை (அதன் சாவியின் சுருக்க அடையாளம்) காட்டி, தொடரலாமா என்று எஸ்எஸ்எச் கேட்கும். பார்க்காமலேயே யெஸ் அடிப்பதுதான் உலக வழக்கம். ஆனால் நடுவில் வேறொரு கணினி நுழைந்து சர்வர்போல நடிக்கிறதா என்று பார்க்கக் கிடைக்கும் ஒரே தருணம் இதுதான். அட்மின் செய்ய வேண்டியது ஒரு நிமிட வேலை: சர்வரின் கன்சோலில் அதன் ஹோஸ்ட் பொதுச் சாவிமீது எஸ்எஸ்எச்-கீஜென் -எல்எஃப் ஓட்டி, வரும் கைரேகையைக் குழுவின் உள்பக்கத்தில் போட்டுவிட வேண்டும். நீங்கள் கண்ணால் எழுத்தெழுத்தாக ஒப்பிடக்கூட வேண்டாம். ஓப்பன்எஸ்எஸ்எச் 8.0 முதல், அந்தக் கேள்விக்குப் பதிலாகக் கைரேகையையே ஒட்டலாம். பொருந்தினால் மட்டுமே தொடரும்.

ஏற்றுக்கொண்ட சாவி நோன்_ஹோஸ்ட்ஸ் கோப்பில் பதிவாகும். பின்னால் ஒரு நாள் "ரிமோட் ஹோஸ்ட் ஐடென்டிஃபிகேஷன் ஹேஸ் சேஞ்ச்டு" என்று பெரிய எச்சரிக்கை வந்தால், இணையத்தில் தேடிக் கிடைத்த கட்டளையால் பழைய பதிவை உடனே அழித்துவிடாதீர்கள். சர்வரை மறுபடி நிறுவினீர்களா என்று அட்மினிடம் கேளுங்கள். ஆமாம் என்றால் அழிக்கலாம். இல்லை என்றால் அந்த எச்சரிக்கை தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

கான்ஃபிக் கோப்பு: இதுதான் மையம்

உங்கள் கணினியின் .எஸ்எஸ்எச் கோப்புறையில் கான்ஃபிக் என்று ஒரு கோப்பு உருவாக்குங்கள். முதல் வரி "ஹோஸ்ட் டீம்". இந்த டீம் நாம் வைக்கும் செல்லப்பெயர்தான். அதன்கீழ் உள்தள்ளி நான்கு வரிகள்: ஹோஸ்ட்நேம் என்பதற்கு சர்வரின் உண்மையான முகவரி, யூசர் என்பதற்கு சர்வரில் உங்கள் பெயர், ஐடென்டிட்டிஃபைல் என்பதற்குத் தனிச் சாவி இருக்கும் பாதை, கடைசியாக ஐடென்டிட்டீஸ்ஒன்லி யெஸ்.

இனி "எஸ்எஸ்எச் டீம்" என்றாலே போதும். அது மட்டுமல்ல, கிட், ஆர்சிங்க், எஸ்சிபி (கோப்பு நகலெடுக்கும் கருவி), டாக்கர் எல்லாமே இந்தப் பெயரைப் புரிந்துகொள்ளும், ஏனென்றால் அவை உள்ளே எஸ்எஸ்எச் நிரலைத்தான் கூப்பிடுகின்றன. நாளை சர்வரின் முகவரி மாறினால் ஆளுக்கு ஒரு வரி மாற்றினால் முடிந்தது. குழுவில் எல்லோரும் ஒரே செல்லப்பெயரை வைத்துக்கொள்வது ரொம்ப முக்கியம். அப்போதுதான் ஒருவர் எழுதிய ஸ்கிரிப்ட் இன்னொருவரின் கணினியிலும் அப்படியே ஓடும்.

ஐடென்டிட்டீஸ்ஒன்லி எதற்கு என்று கேட்பீர்கள். ஏஜென்ட்டில் ஏழெட்டு சாவிகள் இருந்தால் எஸ்எஸ்எச் ஒவ்வொன்றாக நீட்டிப் பார்க்கும். சர்வர் பொறுமையாகப் பார்ப்பது இயல்பாக 6 முயற்சிதான். அதைத் தாண்டினால் "டூ மெனி ஆதென்டிகேஷன் ஃபெய்லியர்ஸ்" என்று சொல்லித் துண்டித்துவிடும். சரியான சாவி ஏழாவதாக இருந்தால் அதற்கு முறையே வராது. அந்த ஒரு வரி இருந்தால் குறிப்பிட்ட சாவியை மட்டும் நீட்டும்.

கோப்பின் அடியில் "ஹோஸ்ட் *" என்று ஒரு பொதுப் பகுதி வையுங்கள். மேலே வைக்கக்கூடாது: ஒவ்வொரு அமைப்புக்கும் முதலில் கிடைத்த மதிப்பையே எஸ்எஸ்எச் எடுத்துக்கொள்ளும், பின்னால் வருவதைக் கண்டுகொள்ளாது. அதற்குள் சர்வர்அலைவ்இன்டர்வல் 60 போட்டால், சும்மா இருக்கும் இணைப்பை நடுவில் உள்ள ரவுட்டர்கள் வெட்டிவிடுவது குறையும்.

லினக்ஸ், மேக் பயனர்கள் இன்னும் மூன்று வரி சேர்க்கலாம்: கன்ட்ரோல்மாஸ்டர் ஆட்டோ, கன்ட்ரோல்பெர்சிஸ்ட் 10எம், அப்புறம் .எஸ்எஸ்எச் கோப்புறைக்குள் ஒரு கன்ட்ரோல்பாத். பாதையின் இறுதியில் சதவீதக் குறியும் பெரிய சி எழுத்தும் போட்டால் பெயர் சுருக்கமாக அமையும். இதன் பலன், முதல் இணைப்பு திறந்ததும் அடுத்தடுத்த கட்டளைகள் அதே குழாய் வழியாகப் போகும். கிட் புல், ஆர்சிங்க் எல்லாம் காத்திருக்காமல் உடனே தொடங்கும். விண்டோஸோடு வரும் எஸ்எஸ்எச்சில் இது வேலை செய்யாது, டபிள்யூஎஸ்எல்லுக்குள் (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ்) செய்யும்.

எழுதி முடித்ததும் எஸ்எஸ்எச் -ஜி டீம் என்று, ஜி பெரிய எழுத்தாக, அடித்துப் பாருங்கள். இணையாமலேயே, இறுதியில் எந்தெந்த மதிப்புகள் பொருந்துகின்றன என்று காட்டிவிடும்.

நேரடியாக அணுக முடியாத சர்வர்

சர்வர் உள்வலையில் இருந்து, நடுவில் ஒரு நுழைவுச் சர்வர் வழியாகத்தான் போக முடியும் என்றால், "டீம்" பகுதியில் ப்ராக்ஸிஜம்ப் என்று எழுதி நுழைவுச் சர்வரின் பெயரைக் கொடுங்கள். இணைப்பு அதன் வழியாகப் போகும், ஆனால் குறியாக்கம் உங்கள் கணினியிலிருந்து கடைசிச் சர்வர் வரை முழுமையாக இருக்கும். நடுவில் இருப்பது வெறும் வழிதான்.

பழைய வழிகாட்டிகள் பலவற்றில் இதற்கு ஃபார்வர்ட்ஏஜென்ட் யெஸ் போடச் சொல்லியிருப்பார்கள். அதைப் பின்பற்ற வேண்டாம். அப்படிச் செய்தால், நீங்கள் இணைந்திருக்கும் நேரம் முழுக்க, நடுச் சர்வரில் ரூட் அதிகாரம் உள்ள எவரும் உங்கள் ஏஜென்ட்டைப் பயன்படுத்தி உங்கள் பெயரில் வேறு சர்வர்களுக்குள் நுழையலாம். 2019 ஏப்ரலில் மேட்ரிக்ஸ்.ஆர்க் என்ற செய்திப் பரிமாற்ற அமைப்பின் சர்வர்களுக்குள் புகுந்தவர் உள்ளே பரவியதில் இந்த ஏஜென்ட் ஃபார்வர்டிங்குக்கும் பங்கு இருந்தது.

சர்வரைப் பூட்டுதல்

எல்லோரும் சாவியால் நுழைந்து பார்த்த பிறகுதான் இந்தப் படி. அதற்கு முன் செய்தால் அட்மினே வெளியே நிற்க வேண்டியதுதான்.

வேண்டிய அமைப்புகள் மூன்று: பாஸ்வேர்டுஆதென்டிகேஷன் நோ, பெர்மிட்ரூட்லாகின் நோ, அலவ்குரூப்ஸ் டெவ். அட்மினின் கணக்கும் டெவ் குரூப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முக்கியக் கோப்பில் கை வைக்காமல், எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்.டி கோப்புறையில் தனிக் கோப்பாக இவற்றை எழுதுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கிளவுட் சர்வர்கள் பலவற்றில் அதே கோப்புறைக்குள் 50-கிளவுட்-இனிட் என்று ஒரு கோப்பு ஏற்கெனவே இருந்து, பாஸ்வேர்டை அனுமதித்துக்கொண்டிருக்கும். சர்வர் பக்கமும் முதலில் வந்த மதிப்புக்கே மரியாதை. உங்கள் கோப்புக்கு 99 என்று பெயர் வைத்தால் அது தோற்றுப்போகும். 10 என்று தொடங்கும் பெயர் வையுங்கள்.

பிறகு எஸ்எஸ்எச்டி -டி. இதில் டி சிறிய எழுத்து, டெஸ்ட் என்பதன் முதல் எழுத்து. இலக்கணப் பிழை இருந்தால் சொல்லும். அதே கட்டளையைப் பெரிய டி-யோடு அடித்தால் உண்மையில் அமலாகப்போகும் மதிப்புகள் வரும். பாஸ்வேர்டு வரியில் நோ என்று இருக்கிறதா எனப் பார்த்துவிட்டு, சிஸ்டம்சிடிஎல் ரீலோட் எஸ்எஸ்எச் கொடுங்கள். இப்போது திறந்திருக்கும் டெர்மினலை மூடாதீர்கள். இன்னொரு டெர்மினலில் புதிதாக நுழைந்து பார்த்து, வேலை செய்த பிறகு மூடுங்கள்.

போர்ட் 22-ஐ வேறு எண்ணுக்கு மாற்றலாமா என்று யாராவது கேட்பார்கள். மாற்றினால் லாகில் தானியங்கி முயற்சிகளின் இரைச்சல் குறையும், அவ்வளவுதான். அதைப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம்.

கிட்

குழுவின் களஞ்சியத்தைச் சர்வரில் கிட் இனிட் கட்டளையோடு --பேர், --ஷேர்டு=குரூப் இரண்டும் சேர்த்து உருவாக்குங்கள். கோப்புறையின் குரூப் டெவ்வாக இருக்கட்டும். உங்கள் கணினியில் ரிமோட் முகவரி "டீம்:" என்று தொடங்கி, அதையொட்டிச் சர்வரில் உள்ள பாதை. பயனர் பெயர், போர்ட் எதுவும் அதில் வேண்டாம், கான்ஃபிக் பார்த்துக்கொள்ளும்.

--ஷேர்டு போட மறந்தால் பிரச்சினை உடனே தெரியாது. முதல் ஆள் புஷ் செய்வார் (தன் மாற்றங்களைச் சர்வருக்கு அனுப்புவார்), நன்றாகப் போகும். இரண்டாம் ஆள் புஷ் செய்யும்போது "இன்சஃபிஷியன்ட் பர்மிஷன் ஃபார் ஆடிங் ஆன் ஆப்ஜெக்ட்" என்று வரும், அதுவும் சில நேரம் மட்டும். காரணம், கிட் தன் ஆப்ஜெக்ட்களைப் பெயரின் முதல் இரண்டு எழுத்துப்படி துணைக் கோப்புறைகளில் வைக்கிறது. முதல் ஆள் உருவாக்கிய துணைக் கோப்புறையில் எழுத வேண்டி வந்தால் மட்டும் இரண்டாம் ஆள் முட்டிக்கொள்வார். சரிசெய்ய, களஞ்சியம் முழுவதையும் டெவ் குரூப்புக்கு மாற்றி, குரூப்புக்கு எழுதும் அனுமதி கொடுத்து, கோப்புறைகளுக்கு மட்டும் செட்ஜிஐடி பிட்டை (உள்ளே உருவாகும் கோப்புகளுக்கும் அதே குரூப்பைத் தரும் குறி) போடுங்கள். கோர்.ஷேர்டுரெப்பாசிட்டரி அமைப்பையும் குரூப் என்று வைத்துவிட்டால் மறுபடி வராது.

"டூபியஸ் ஓனர்ஷிப்" என்று கிட் மறுத்தால் பயப்பட ஒன்றுமில்லை. 2022-இல் வந்த பாதுகாப்புத் திருத்தம் அது: களஞ்சியத்தின் உரிமையாளர் வேறொருவர் என்றால் கிட் தயங்கும். சேஃப்.டைரக்டரி அமைப்பில் அந்தக் குறிப்பிட்ட பாதையைச் சேருங்கள். நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் திறந்துவிடாதீர்கள்.

ஆர்சிங்க்

சொல்ல வேண்டியது இரண்டுதான். மூலக் கோப்புறையின் பெயருக்குப் பின் சாய்கோடு இருந்தால் உள்ளே இருப்பவை மட்டும் போகும்; இல்லாவிட்டால் கோப்புறையே போகும். --டிலீட் பயன்படுத்தும்போது முதலில் -என் சேர்த்து ஒத்திகை பாருங்கள்.

"இஸ் யுவர் ஷெல் க்ளீன்" என்று ஆர்சிங்க் முறையிட்டால், சர்வரில் உங்கள் .பாஷ்ஆர்சி கோப்பைத் திறந்து பாருங்கள். வணக்கம் சொல்லும் எக்கோ வரி ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கும். மனிதருக்கு அது வரவேற்பு, ஆர்சிங்குக்கு அது குப்பைத் தரவு.

டாக்கர்

டாக்கர் கான்டெக்ஸ்ட் கிரியேட் கட்டளைக்கு ஹோஸ்ட்டாக எஸ்எஸ்எச்://டீம் என்று கொடுத்தால் வேலை முடிந்தது. இந்த வசதி 18.09 பதிப்பிலிருந்து இருக்கிறது. 2375 போர்ட்டை வலைக்குத் திறக்கும் பழைய வழியை மறந்துவிடுங்கள். குறியாக்கமும் இல்லை, அடையாளச் சோதனையும் இல்லை.

சர்வரில் அந்தப் பயனர் டாக்கர் குரூப்பில் இருக்க வேண்டும். அந்தக் குரூப் கிட்டத்தட்ட ரூட்டுக்குச் சமம்: சர்வரின் முழுக் கோப்பு முறைமையையும் ஒரு கன்டெய்னருக்குள் ஏற்றி எதை வேண்டுமானாலும் மாற்றலாம். சூடோ கொடுக்கத் தயங்கும் ஆளுக்கு டாக்கர் குரூப்பும் கொடுக்காதீர்கள்.

புதிதாக வருபவர்களைக் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. கட்டளையை உங்கள் லேப்டாப்பில் அடித்தாலும் கன்டெய்னர் ஓடுவது சர்வரில். அதனால் வால்யூமில் நீங்கள் கொடுக்கும் பாதை சர்வரில் தேடப்படும், உங்கள் கணினியில் அல்ல. போர்ட் 8080-ஐத் திறந்தால் அதுவும் சர்வரில்தான் திறக்கும். கான்டெக்ஸ்ட் யூஸ் கட்டளையால் நிரந்தரமாக மாற்றுவதைவிட, தேவைப்படும்போது மட்டும் --கான்டெக்ஸ்ட் டீம் என்று சேர்ப்பதையே நான் பரிந்துரைப்பேன். லேப்டாப்பில்தானே இருக்கிறோம் என்று நினைத்து, பயன்படாதவற்றை அழிக்கும் ப்ரூன் கட்டளையை ஓட்டினால், காலியாவது குழுவின் சர்வர்.

டேட்டாபேஸ்

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சர்வருக்குள்ளேயே லோக்கல்ஹோஸ்ட்டில் (அதே கணினியைக் குறிக்கும் பெயர்) மட்டும் கேட்கட்டும். உங்கள் கணினியிலிருந்து எஸ்எஸ்எச் கட்டளைக்குப் பெரிய என், பெரிய எல் இரண்டும் போட்டு, 5433:லோக்கல்ஹோஸ்ட்:5432 என்றும் கடைசியில் டீம் என்றும் கொடுங்கள். இப்போது போஸ்ட்கிரெஸின் கட்டளைவரிக் கருவியான பிஎஸ்க்யூஎல்லை உங்கள் லோக்கல்ஹோஸ்ட்டின் 5433 போர்ட்டுக்கு அனுப்பினால் சர்வரின் டேட்டாபேஸ் பேசும். நடுவில் வரும் லோக்கல்ஹோஸ்ட் சர்வரின் பார்வையில் உள்ளது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். 5433 எதற்கு என்றால், உங்கள் கணினியிலேயே ஒரு போஸ்ட்கிரெஸ் 5432-இல் ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். மைஎஸ்க்யூஎல் என்றால் 3306, ரெடிஸ் என்றால் 6379, முறை ஒன்றேதான்.

இணையவில்லை என்றால்

"டைம்ட் அவுட்" என்றால் உங்கள் பொட்டலத்துக்குப் பதிலே இல்லை: முகவரி தவறு, அல்லது ஃபயர்வால். "ரெஃப்யூஸ்டு" என்றால் பெரும்பாலும் இயந்திரம் பதில் சொல்கிறது, அந்தப் போர்ட்டில் யாரும் கேட்கவில்லை. "பர்மிஷன் டினைடு" என்றால் வாசல்வரை போய்விட்டீர்கள், சாவிதான் பொருந்தவில்லை. முதல் இரண்டுக்கும் சாவியைத் தோண்டுவது வீண்வேலை.

மூன்றாவதற்கு -வி சேர்த்து அடியுங்கள். கொட்டும் வரிகளில் "ஆஃபரிங் பப்ளிக் கீ" என்பதைத் தேடுங்கள். உங்கள் சாவி அங்கே இல்லை என்றால் கோளாறு உங்கள் கான்ஃபிக்கில். இருந்தும் அடுத்து "சர்வர் அக்செப்ட்ஸ் கீ" வரவில்லை என்றால் கோளாறு சர்வர் பக்கம். அட்மினிடம் போகும்போது இந்த இரண்டு வரிகளையும் எடுத்துக்கொண்டு போனால் பேச்சு சீக்கிரம் முடியும்.

ஒருவர் குழுவை விட்டுப் போகும்போது

பாஸ்வேர்டைப் பூட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உபுண்டு, டெபியனின் வழக்கமான அமைப்பில் பாஸ்வேர்டு பூட்டியிருந்தாலும் சாவி வழியே நுழையலாம். யூசர்மாட் கட்டளையில் --எக்ஸ்பயர்டேட் 1 என்று கொடுத்துக் கணக்கையே காலாவதியாக்குங்கள், ஆத்தரைஸ்டு_கீஸ் கோப்பையும் நீக்குங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் அமர்வுகள் இதனால் மூடாது. லாகின்சிடிஎல் டெர்மினேட்-யூசர் கொடுத்து முடிக்க வேண்டும். அவர் பெயரில் குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகளைப் பாருங்கள். ஒரே டேட்டாபேஸ் பாஸ்வேர்டை எல்லோரும் பயன்படுத்தினால் அதையும் மாற்றுங்கள்.

சர்வர்கள் ஐந்தாறு, ஆட்கள் இருபது முப்பது என்று வளர்ந்தால் ஒவ்வொரு ஆத்தரைஸ்டு_கீஸ் கோப்பையும் கையால் பராமரிக்க முடியாது. அப்போது எஸ்எஸ்எச் சான்றிதழ்களுக்கு மாறுங்கள். 2010-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 5.4 முதல் இருக்கும் வசதிதான். குழுவுக்கென்று ஒரு கையொப்பச் சாவி வைத்து, ஒவ்வொருவரின் பொதுச் சாவியிலும் ஒரு வாரம் மட்டும் செல்லும்படி கையொப்பமிட்டுக் கொடுக்கலாம். சர்வர்களில் டிரஸ்டட்யூசர்சிஏகீஸ் என்ற ஒரு வரி போதும். சாவிகளைத் துடைத்து எடுக்கும் வேலையும் மிச்சம்: ஆள் போன பின் புதிய சான்றிதழ் கொடுக்காவிட்டால், பழையது தானாகக் காலாவதியாகிவிடும். அந்தக் கையொப்பச் சாவியை மட்டும் பொதுச் சர்வரில் வைக்காதீர்கள்.